மூலம் என்று சொல்லியே எட்டு மாதம்

ஐம்பது வயது தாண்டியதும் மருத்துவமனைக்காரர்களுக்கு நம் மேல் தனிப் பாசம் வந்துவிடுகிறது. போன மாதம் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில், வரவேற்பில் இருந்த பெண் ஒரு அட்டையை நீட்டினார். மாஸ்டர் செக்கப், கூடவே பெருங்குடலுக்குள் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி, இந்த மாதம் மட்டும் சலுகை. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே என்றேன். "வந்த பிறகு பார்த்து என்ன சார் பண்றது?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன்.

போலந்து, நார்வே, ஸ்வீடனில் 55 முதல் 64 வயதுவரை உள்ள சுமார் 85 ஆயிரம் பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. ஒரு பகுதியினரைக் கொலனோஸ்கோபிக்கு அழைத்தார்கள், மற்றவர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள். விடப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 12 பேருக்குக் குடல் புற்று வந்தது. அழைக்கப்பட்டவர்களில் 10 பேருக்கு. குடல் புற்றால் வந்த சாவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அழைத்தவர்களில் 42 சதவீதம் பேர்தான் வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் வந்திருந்தால் சாவு பாதியாகியிருக்கும் என்பது அவர்களின் மதிப்பீடு. பாதி என்றதும் பெரிதாகத் தெரிகிறது. ஆயிரத்துக்கு மூன்று என்பது ஒன்றரை ஆகும், அவ்வளவுதான்.

அதுவும் இந்த நோய் நம்மைவிடப் பல மடங்கு அதிகமுள்ள நாடுகளில். நம் அரசு 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனையில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றும்தான் உண்டு, குடல் இல்லை. எனக்கு அது தப்பாகப் படவில்லை.

செலவு பணம் மட்டுமல்ல. முந்தின நாள் பொடி கலந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். சின்ன வயதில் பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றிய விளக்கெண்ணெய் அதற்குத் தேவலை என்கிறார்கள் குடித்தவர்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவனுக்குப் பட்டினி வேறு. மயக்கம் கொடுத்தால் துணைக்கு ஒரு ஆள். அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழும், பாலிப்பை, அதாவது குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதையை, வெட்டிய இடத்தில் ரத்தம் கொட்டும். வெட்டப்படும் பாலிப்பில் பெரும்பாலானவை புற்றாக மாறவே போவதில்லை.

மனசு கேட்காதவர்களுக்கு மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைப் பார்க்கும் சோதனை இருக்கிறது. ஸ்பெயினில் 50 முதல் 69 வயதுள்ள 57 ஆயிரம் பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். பத்தாண்டில் குடல் புற்றால் இறந்தவர்கள் எண்ணிக்கை இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரத்தம் தெரிந்தால் மட்டும் கொலனோஸ்கோபிக்குப் போனால் போதும். நான் அதைத்தான் செய்துகொண்டேன்.

சரி, இவ்வளவு கணக்கும் தொந்தரவு இல்லாதவனுக்கு. என் சித்தப்பா கதை வேறு.

அவருக்கு 58 வயதில் மலத்தில் ரத்தம் வந்தது. எங்கள் ஊர் பேருந்து நிலையச் சுவர் முழுக்க 'மூலம், பௌத்திரம்' விளம்பரம்தான். வேறு என்னவாக இருக்கும் என்று அதில் ஒரு இடத்துக்குப் போனார். களிம்பு, லேகியம், காரம் சேர்க்காதே, கோழி தின்னாதே. இப்படி எட்டு மாதம். ஆள் இளைத்து, ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கி, மாடிப்படி ஏற முடியாமல் போன பிறகு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஒரு இளம் டாக்டர் கையுறை மாட்டி விரலை விட்டுப் பார்த்தார். அரை நிமிடம் ஆகியிருக்காது. மலக்குடலில் கட்டி கையில் தட்டுப்பட்டது. எட்டு மாதத்தில் அந்த இடத்தில் ஒருவர்கூட அந்த விரலை விடவில்லை. சித்தப்பாவும் கூச்சத்தில் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ரத்தம் வருகிறவனுக்குப் பார்ப்பது நோயைக் கண்டுபிடிக்கும் வேலை, அதில் லாப நட்டக் கணக்கே கிடையாது. அட்டை நீட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. தொந்தரவே இல்லாத என்னிடம் காட்டிய அக்கறையில் கால்வாசியைச் சித்தப்பாவிடம் யாராவது காட்டியிருக்கலாம்.

அவர் மகனுக்கு இப்போது 41. பெற்றவருக்கு இந்த வயதில் வந்திருந்தால் பிள்ளைகள் 40-இலேயே கொலனோஸ்கோபி பார்த்துவிட வேண்டும் என்பது டாக்டர்கள் பின்பற்றும் கணக்கு. "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே" என்று ஒரு வருடம் ஓட்டிவிட்டான். வருகிற செவ்வாய்க்கிழமை நாள் குறித்தாயிற்று. துணைக்கு நான்தான் போகிறேன். பொடித் தண்ணீரை அவன் குடித்து முடிக்கிறானா என்று பார்க்க முந்தின இரவே அங்கே போய்ப் படுத்துக்கொள்ளப் போகிறேன்.