ஸ்கிரிட் மவுண்டன் இன்: 1110 என்பது கட்டடத்தின் வயதன்று
வேல்ஸில் ஆபர்கவெனிக்கு வடக்கே உள்ள ஸ்கிரிட் மவுண்டன் இன் என்னும் பப் 1110-இல் கட்டப்பட்டு இன்றும் அப்படியே நிற்பதாகச் சொல்லப்படுவது சரியன்று. அந்த ஆண்டு, ஆடு திருடியவனுக்கு அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்டதாக வழங்கும் கதையிலிருந்து வருவது. இன்றுள்ள கட்டடமோ 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிற்பட்டது என்று கணிக்கப்பட்டு, பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் ‘கிரேடு II*’ என்னும் பிரிவில் பாதுகாக்கப்படுகிறது. முன்பு அதே இடத்தில் வேறொரு விடுதி இருந்திருக்கலாம். ஆனால் இடத்தின் வயது வேறு, சுவரின் வயது வேறு. படிக்கட்டுக்கு மேலுள்ள உத்தரத்தின் தேய்மானத்தைத் தூக்குக்கயிற்றின் தடம் என்று காட்டுவார்கள் (கேட்கவே மயிர்க்கூச்செறியத்தான் செய்கிறது). ஆயினும் மரம் தேய்ந்திருப்பது கயிறு உரசியதற்குச் சான்றாகலாமே தவிர, அதில் தொங்கியது மூட்டையா மனிதனா என்பதைச் சொல்லாது. அங்கே 180 பேர் தூக்கிலிடப்பட்டனர் என்று கதையாக வழங்கும் எண்ணிக்கையையும் அதைக்கொண்டு நிறுவ இயலாது.