பொம்மை முதலில் வந்ததா, கதையா?
அனிமேஷன் தொடர்கள் எல்லாமே பொம்மை விற்பதற்காகத்தான் எடுக்கப்படுகின்றன என்று சிலர் கூறுகிறார்கள். சிலவற்றுக்கு அது பொருந்தும்: மேட்டல் என்ற பொம்மை நிறுவனம் 1982இல் ஹீ-மேன் என்ற வீரனின் பொம்மைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகே, 1983இல் அந்தப் பாத்திரத்தின் தொடர் ஒளிபரப்பானது. ஆனால் எல்லாத் தொடர்களும் அப்படியல்ல என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். கடற்பஞ்சு ஒன்றை நாயகனாகக் கொண்டு 1999இல் தொடங்கிய ஸ்பாஞ்ச்பாப் தொடரின் படைப்பாளர் ஸ்டீபன் ஹில்லன்பர்க், 1980களில் கலிபோர்னியாவில் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவர்களுக்காக வரைந்த படக்கதையிலேயே, கறுப்புக் கண்ணாடி அணிந்த கடற்பஞ்சு ஒன்று பாத்திரமாக இருந்தது. பொம்மைகள் பின்னர் வந்து பெரும் லாபம் ஈட்டியது உண்மைதான். ஆனால் பிற்பாடு கிடைத்த லாபம் தொடக்க நோக்கத்துக்குச் சான்றாகாது. ஐயமிருப்பவர்கள் எந்தத் தொடருக்கும் முதல் ஒளிபரப்பு ஆண்டையும் முதல் பொம்மை விற்பனைக்கு வந்த ஆண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெயர்ப்பட்டியலில் படைப்பாளராகக் குறிப்பிடப்படுபவர் தனிமனிதரா, பொம்மை நிறுவனமா என்பதையும் கவனிக்கலாம்.