டிரான்ஸ்: மேடைக்கு வருமுன் அந்த வீட்டில் இருந்த நோய்

2020 பிப்ரவரியில் வெளிவந்த 'டிரான்ஸ்' என்ற மலையாளப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், போலிப் போதகர்களைத் தோலுரித்த துணிச்சலான படம் என்று சொல்லிப் பலரும் முடித்துக்கொள்கிறார்கள். அன்வர் ரஷீத் இயக்கி ஃபகத் பாசில் நடித்த அந்தப் படத்தின் அரிய பகுதி, போதகர் என்ற ஒருவர் கதைக்குள் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

நாயகன் விஜு பிரசாத் கன்னியாகுமரியில் வாழும், பெரிதாக எடுபடாத ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளன். தாய் தற்கொலை செய்துகொண்டவர். ஸ்ரீநாத் பாசி நடித்திருக்கும் தம்பி குஞ்ஞன் மனநோயால் அவதிப்படுகிறான். ஊராருக்கு நம்பிக்கையைக் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவன், சொந்த வீட்டில் தம்பியின் நோய்க்கு முன்னால் சொல்லற்றுப்போவதைப் படம் மிகையின்றிக் காட்டுகிறது. தம்பியும் தன் உயிரை மாய்த்துக்கொண்ட பின் விஜு மும்பைக்குப் போகிறான். அங்கே சாலமன், ஐசக் என்ற இரண்டு முதலாளிகள் (கௌதம் வாசுதேவ் மேனனும் செம்பன் வினோதும்) பயிற்சி கொடுத்து அவனைப் பாஸ்டர் ஜோஷுவா கார்ல்டனாக மேடையேற்றுகிறார்கள். அவர்களுக்கு மதம் முதலீடு செய்வதற்கு ஏற்ற ஒரு தொழில், அவ்வளவே. கிறிஸ்தவர்களைப் படம் இழிவுபடுத்துகிறது என்ற குறையை இதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இருவருக்கும் எந்தக் கடவுளிடமும் நம்பிக்கை இல்லை.

விஜுவின் பேச்சு பெரிதாக மாறுவதில்லை என்பதுதான் இதில் கூர்மையான இடம். சிறு கூட்டத்துக்கு முன் தன்னம்பிக்கை வகுப்பு எடுத்தவனின் ஏற்ற இறக்கமும் கையசைவும், சற்றுப் பெருத்து, சுகமளிக்கும் கூட்டத்தின் மேடையிலும் தொடர்கின்றன. காணிக்கையும், குணமானோம் என்று மேடையேறிச் சொல்லும் சாட்சியும் சேர்ந்துகொண்டதும் அதே சரக்கின் விலை பலமடங்கு உயர்ந்துவிடுகிறது.

விநாயகன் நடித்த தாமஸ் என்ற பாத்திரத்தின் வழியாகத்தான் மோசடியின் உண்மையான அளவு தெரிகிறது. மகள் நோயுற்றபோது மருத்துவரை நம்பாமல் பாஸ்டரின் ஜெபத்தை நம்பிக் காத்திருந்து, அவளைப் பறிகொடுக்கிறார் தாமஸ். நோயாளிக்காக ஜெபிப்பதில் குற்றமில்லை; மருந்து வேண்டாம் என்ற இடத்துக்கு ஒரு தகப்பனைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் குற்றம். இந்த வேறுபாட்டை ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி நமக்கு மிகக் கொடுமையாகக் கற்பித்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, நோய் தீரும் என்று அங்குள்ள தர்காவை நம்பி அழைத்துவரப்பட்டு, அருகிலிருந்த தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. அதே ஏர்வாடியில் பின்னாளில் தொழுகையோடு மனநல மருத்துவமும் கிடைக்க வழி செய்யப்பட்டது. நம்பிக்கையை விட்டுவிடச் சொல்லாமலேயே ஒருவரை மாத்திரை சாப்பிட வைக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

குஞ்ஞனின் நோயைக் காட்டியபோது இருந்த நிதானம் படத்தின் பிற்பாதியில் காணாமல் போகிறது. ஜோஷுவாவின் மனம் தடம்புரளத் தொடங்கியதும், அமல் நீரதின் ஒளிப்பதிவும் ரசூல் பூக்குட்டியின் ஒலியமைப்பும் அந்தக் குலைவைக் கண்ணையும் காதையும் நிறைக்கும் வேடிக்கையாக மாற்றிவிடுகின்றன. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அசத்தலான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் குஞ்ஞனிடம் வெறும் துயரமாக இருந்த அதே நோய், அண்ணனிடம் வந்ததும் திரில்லரை நகர்த்தும் எரிபொருளாகிவிடுகிறது. அவனுக்கு என்ன நோய், எப்படித் தேறினான், தாயும் தம்பியும் போன வழியில் தானும் போய்விடுவோமோ என்று ஒருநாளாவது அஞ்சினானா என்பதையெல்லாம் நின்று பேசப் படத்துக்குப் பொறுமையில்லை. எஸ்தர் என்ற பெண்ணைத் (நஸ்ரியா) தேடி அவன் ஆம்ஸ்டர்டாம் போகும் முடிவுக்குச் செலவிட்ட நேரத்தில் பாதியையாவது அவனுடைய சிகிச்சைக்குக் கொடுத்திருக்கலாம்.