முனைவர் பட்டம் வேண்டாம், சம்மதம் வேண்டும்

"கிளினிக் மட்டும் நடத்துகிற டாக்டர் ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது, முனைவர் பட்டம் வேண்டும். கேஸ் ரிப்போர்ட் (ஒரு நோயாளியின் நோய், சிகிச்சை பற்றிய கட்டுரை) மட்டும் எழுதலாம், நோயாளி பெயரை மறைத்தால் போதும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

மருத்துவ இதழ்கள் பார்ப்பது ஆய்வை, பட்டத்தை அல்ல. ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் வயிற்றுப் புண் பாக்டீரியாவைத் தேடத் தொடங்கியபோது பயிற்சி மருத்துவர்தான். 2005இல் நோபல் வந்தது. லண்டனில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறே பேரை வைத்து நடுக்குவாதம் பற்றி எழுதினார். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி!

இன்று அப்படி முடியாது. பெயரை எடுத்துவிட்டாலும் வயது, தொழில், அபூர்வ நோய் மூன்றும் சேர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். புகைப்படத்தில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போடுவது போதாது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவே சொல்கிறது. பெரும்பாலான இதழ்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் கேட்கும். நோயாளி ஊர் மாறிய பிறகு அந்தக் கையெழுத்துக்கு அலைவது பெரும்பாடு, சிகிச்சையின்போதே வாங்கிவிடுங்கள்.

நோயாளிகளைச் சேர்த்து ஆய்வு செய்வதென்றால் நெறிமுறைக் குழு அனுமதி முதலில், தரவு அப்புறம். மருந்துச் சோதனை என்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே அதை மருத்துவச் சோதனைகளுக்கான பதிவேட்டில் பதிவும் செய்திருக்க வேண்டும்.

தனியாக இருக்கும் மருத்துவருக்கு உண்மையில் இல்லாதது பட்டம் அல்ல, பக்கத்தில் ஒரு புள்ளியியலாளர். எக்செல் நிரம்பிய பிறகு அவரிடம் போனால் பாதி நேரம் கையை விரித்துவிடுவார்.