மணி அடித்த பிறகு வரும் 5 நிமிடம்

போன் பக்கம் போகாமல் வேலை பார்க்க வைக்கும் டைமர் ஆப்களில் பலதை நோண்டிப் பார்த்துவிட்டேன். எல்லாமே வேலை பார்க்கும் அந்த 25 நிமிடத்துக்காக மெனக்கெட்டிருக்கின்றன. அதற்குப் பிறகு வரும் 5 நிமிட இடைவேளையைப் பற்றித்தான் பெரும்பாலும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

25 நிமிட வேலைக்கு 5 நிமிட ஓய்வு என்ற கணக்கு பழசு. 1980களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை டைமரைத் திருகி வைத்துவிட்டுப் படித்ததில் தொடங்கியதுதான் பொமோடோரோ முறை. அந்தத் தக்காளிக்கு மணி அடிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதில் ரீல்ஸ் வராது, வாட்ஸ்அப் வராது. இப்போதோ எந்தப் பொருளிடமிருந்து தப்பிக்க வேண்டுமோ அதற்குள்ளேயே டைமரை வைத்திருக்கிறோம். சிக்கல் முழுக்க இங்கேதான்.

2014இல் தைவானிலிருந்து வந்த ஃபாரஸ்ட் ஆப்பை இதற்காக நான் ரொம்பவே மதிக்கிறேன். விதை நடுகிறீர்கள், நேரம் ஓட ஓட மரம் வளர்கிறது, நடுவில் வேறு ஆப்புக்குப் போனால் பட்டுப்போகிறது. முழு விளையாட்டும் இவ்வளவுதான். கிடைக்கப் போகும் லாபத்தைவிட, கையில் இருப்பதை இழப்பது மனிதனை அதிகம் உறுத்தும் என்று உளவியலாளர்கள் கானமேனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். ஃபாரஸ்ட் ஆட்கள் அதை ஒரு பட்ட மரத்தில் காட்டிவிட்டார்கள். 2025இல் யூடியூபர் ஹேங்க் கிரீன் கொண்டுவந்த ஃபோகஸ் ஃப்ரெண்டிலும் இதே சங்கதிதான். ஒரு பீன்ஸ் விதை உட்கார்ந்து பின்னல் போடும், நாம் போனை நோண்டினால் பின்னல் பிரிந்துவிடும். பாவம், அது பாட்டுக்குப் பின்னட்டுமே என்று தோன்றிவிடுகிறது!

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காயின், கடை, புது மர வகை, தரவரிசை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகிறது. 1973இல் அமெரிக்காவில், வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள நர்சரிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. படம் வரைந்தால் சான்றிதழ் தருகிறோம் என்று சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிறகு தாமாக வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதிதான். சரி, நீட் தேர்வுக்கு வேதியியல் படிப்பவருக்கு அதன் மேல் ஏற்கெனவே காதல் பொங்கி வழிகிறதா என்ன, காயின் கொடுத்து அதைக் கெடுக்க? பிடிக்காத வேலைக்குக் காயின் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் காயினை வைத்து என்ன வாங்கலாம் என்று கடைக்குள் பத்து நிமிடம் சுற்ற வைப்பதில்தான் ஆட்சேபம்.

ஸ்ட்ரீக், அதாவது ஒரு நாளும் விடாமல் தொடர்ந்த நாள் கணக்கு, அதைவிட மோசம். காய்ச்சலில் ஒரு நாள் படுத்தாலோ, ஊரில் ஒரு சாவுக்குப் போய் வந்தாலோ சேர்த்து வைத்த கணக்கு பூஜ்ஜியம். அப்புறம் எரிச்சலில் ஆப்பையே தூக்கிவிடுகிறோம். வாரத்துக்கு நான்கு நாள் போதும் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? தினமும் ஆப்பைத் திறக்கிறவர்களின் எண்ணிக்கை குறையும். அவ்வளவுதான், அது நம் கவலை இல்லை.

நம்மூர் நிலைமைக்கு இன்னும் இரண்டு விஷயம். அம்மா போன் செய்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும், அதற்கு மரம் சாகக் கூடாது. பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்பைக் கொன்றுபோடும் போன்களும் உண்டு. அதில் டைமர் நின்றுபோனால் பழி படிக்கிற பிள்ளை மேல் விழுகிறது.

சரி, அந்த 5 நிமிடத்துக்கு வருகிறேன். மணி அடிக்கிறது. போனை எடுக்கிறீர்கள். மரம் வளர்ந்துவிட்டது, வண்ணத் தாள் பறக்கிறது, கீழே ‘பகிர்’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் இன்ஸ்டாகிராம். 25 நிமிடம் கட்டிக் காத்த மனிதனை ஆப்பே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ரீல்ஸ் வாசலில் விட்டுவிடுகிறது. 5 நிமிடம் 40 ஆவதற்கு வேறென்ன வேண்டும்?

இடைவேளையையும் விளையாட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்பதுதான் நான் கேட்பது. போன் கவிழ்ந்து கிடக்கிறதா என்பதை அதில் உள்ள சென்சாரே சொல்லிவிடும். அந்த 5 நிமிடம் போன் கவிழ்ந்தே கிடந்தால்தான் மரத்துக்குத் தண்ணீர் என்று வைக்கலாம். கொண்டாட்டத்தை ராத்திரிக்குத் தள்ளிப்போடலாம். அன்றைய காட்டை மொத்தமாக ஒரு தடவை பார்த்தால் போதாதா? முழுசாகப் பூட்ட வேண்டும் என்றும் இல்லை. ஒன் செக் என்ற ஆப், இன்ஸ்டாகிராம் மாதிரி ஒன்றைத் திறக்கப் போகும்போது ஒரு மூச்சு விடும் நேரம் தடுத்து நிறுத்தி, வேண்டுமா என்று கேட்கும். 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில், அப்படி நிறுத்தியபோது 36 சதவீதத் தடவை ஆட்கள் தாமாகவே திரும்பிப் போயிருக்கிறார்கள். இடைவேளை வாசலில் நிறுத்த வேண்டிய காவலாளி இவர்தான்.

இந்த மாதிரி ஆப் செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், சோதித்துப் பார்க்கிறவர்களிடம் எத்தனை மரம் நட்டீர்கள் என்று கேட்காதீர்கள். மணி அடித்ததும் முதலில் எந்த ஆப்பைத் திறந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.