சர்க்கரையை விட்டால் புற்றுநோய் பட்டினியால் சாகுமா?

"இனிப்பை அடியோடு நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடந்து செத்துவிடும், ஓட்டோ வார்பர்க் நோபல் பரிசு வாங்கியதே இதற்குத்தான்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. ஜெர்மன் விஞ்ஞானியான வார்பர்க்கின் 1931 நோபல், செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்த உதவும் சுவாச நொதி பற்றிய ஆய்வுக்கு.

வேகமாக வளரும் பல கட்டிகள் குளுக்கோஸை அதிகம் இழுப்பது உண்மைதான். குளுக்கோஸ் போன்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி, அது சேரும் இடத்தைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேனை அதை நம்பித்தான் எடுக்கிறார்கள். ஆனால் வாயைக் கட்டினாலும், தசைப் புரதம் உடைந்து வரும் அமினோ அமிலத்திலிருந்து கல்லீரலே குளுக்கோஸ் தயாரித்துவிடும். வெறும் வயிற்றிலும் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் குளுக்கோஸ் பொதுவாக 70 மி.கி.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளும். அந்தக் குளுக்கோஸை முந்திக்கொண்டு இழுக்க, பல புற்றுநோய் செல்களில் மிகையாக இயங்கும் பிஐ3கே பாதை (செல் வளர்ச்சியைத் தூண்டும் சமிக்ஞைத் தொடர்), குளுக்கோஸை உள்ளே கொண்டுசெல்லும் குளுட்1 என்ற கடத்திப் புரதங்களைச் செல்சவ்வில் கூட்டிவைக்கிறது. செல் வளர்ச்சியை முடுக்கும் எம்ஒய்சி மரபணுவும் கட்டுமீறினால், குளுட்டமின் என்ற அமினோ அமிலமும் புற்றுநோய்க்குத் தீனியாகிறது.

பட்டினியில் கரைவது நோயாளியின் தசை. எடை சரிந்தால் கீமோவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ நேரும்.