எட்டரை மணிக்குள் ஒரு கேள்வி

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மருந்துக்கடையில் வேலையில் நிற்கிறேன், நேரம் 10.50. போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் பிள்ளை இன்று பாடசாலைக்குச் சமுகமளிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மகனின் பெயர்கூட அதில் இல்லை.

காலை ஏழு மணிக்கு நான்தான் அவனுக்குப் படலையைத் திறந்துவிட்டேன். சைக்கிளில் ஏறி ஒழுங்கை முடக்கில் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். தரம் 10 படிக்கிறான். பள்ளிக்குக் கள்ளம் அடிக்கிற பிள்ளை இல்லை என்று எந்தத் தாயும் சொல்லுவாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் அந்த வரியைப் படித்ததும் கள்ளம் அடித்தானோ என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. றோட்டில் என்ன நடந்ததோ என்றுதான் வந்தது.

பாடசாலைக்கு எடுத்தேன், லைன் கிடைக்கவில்லை. மூன்று தரம் எடுத்துவிட்டு ஸ்கூட்டியில் ஏறினேன். யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் இருந்து திருநெல்வேலி, பரமேஸ்வராச் சந்தி என்று பலாலி வீதியால் நான் போன போக்கை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. எங்கே நாலு சனம் கூடி நின்றாலும் நெஞ்சு அடைத்தது. ஒரு டிப்பர் கடந்து போனது, அதன் சில்லைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இங்கே இருக்கிற அம்மாக்களுக்கு விளங்கும்.

பிள்ளை மைதானத்தில் நின்றான். பாடசாலை இல்லங்களுக்கு இடையில் நடக்கிற இல்ல மெய்வல்லுநர் விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் சோடிக்கிற வேலை. கை இரண்டிலும் பெயின்ற், தலையில் மரத்தூள். “ஏனம்மா வந்தனீங்கள்?” என்று கேட்டான். காலையில் இடாப்புக் கூப்பிடும்போது அவன் வகுப்பில் இருக்கவில்லை, அவன் வரவில்லை என்று ரீச்சர் போட்டிருக்கிறா. அவவிலும் பிழை சொல்ல மாட்டேன். நாற்பது பிள்ளைகள், முதல் பாடம், மைதானத்துக்குப் போனவர்களின் பட்டியல் அவவின் கைக்கு வந்து சேரவில்லை.

இதைக் கேட்ட சிலர் “இந்த எஸ்.எம்.எஸ். வேலையே வேண்டாம், நிறுத்தச் சொல்லுங்கோ” என்று என்னிடம் சொன்னார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. அன்றைக்கு அந்த அலைச்சல் அலைந்தவள் நான். அதனால்தான் சொல்கிறேன், குறுஞ்செய்தி கட்டாயம் வேண்டும். ஆனால் இப்போது அனுப்புகிற மாதிரி வேண்டாம்.

முதலில் நேரம். பாடசாலை தொடங்குவது 7.30க்கு. எனக்குச் செய்தி வந்தது 10.50க்கு. மூன்று மணித்தியாலம் இருபது நிமிடம். என் பிள்ளை மைதானத்தில் நின்றபடியால் இன்றைக்கு ஆறுதலாக எழுதுகிறேன். உண்மையிலேயே வழியில் விழுந்து கிடந்திருந்தால்? யாராவது ஏற்றிக்கொண்டு போயிருந்தால்? பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் வருகிற செய்தியால் ஆருக்கு என்ன பிரயோசனம்? இடாப்புக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள், அதாவது எட்டரைக்குள், அது வீட்டுக்கு வர வேண்டும். அனுப்ப முதல் மைதானத்திலும் நூலகத்திலும் நிற்கிற பிள்ளைகளை ஒருக்கால் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை. ஒரு மாணவத் தலைவரைப் பெயர் எழுதின துண்டுக் காகிதத்தோடு அனுப்பினாலே போதும்.

அடுத்தது மொழி. இதைப் பற்றித்தான் கூட எழுத வேண்டும், ஏனென்றால் இதில் ஒரு பிள்ளையின் படிப்பே போகப் பார்த்தது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மம்மா பேரனை வைத்து வளர்க்கிறா. தாய் கட்டாரில் வீட்டு வேலை. பெடியன் தரம் 9. மூன்று கிழமையாகக் காலையில் உடுப்புப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவன் பாடசாலைக்குப் போகவில்லை. ஒரு வெல்டிங் கடையில் எடுபிடி வேலைக்கு நின்றிருக்கிறான். பாடசாலையில் இருந்து முக்கால்வாசி நாளும் செய்தி வந்துதான் இருக்கிறது. நான் அவவின் போனை வாங்கிப் பார்த்தேன், பட்டன் போன். ரீலோட் சலுகை, டேட்டா சலுகை, சீட்டிழுப்பு என்று தொலைபேசிக் கொம்பனிகள் அனுப்பின ஆங்கிலச் செய்திகள் வரிசையாக நிற்க, அதற்குள்ளே பதினொரு செய்தி பாடசாலையினுடையது. ஒன்றும் திறக்கப்படவில்லை. “எல்லாம் ஒரே மாதிரி இங்கிலீசில கிடக்கு பிள்ளை, நான் கொம்பனிக்காரன் எண்டு விட்டிட்டன்” என்று சொல்லி அவ அழுதா. தேவாரம் பாராமல் சொல்லுகிற மனுசி, தமிழில் வந்திருந்தால் எழுத்துக்கூட்டி என்றாலும் வாசித்திருப்பா.

ஏன் ஆங்கிலம் என்று கேட்டால் செலவு என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்குள் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70தான். அந்த 70ஐயும் நாங்கள் எண்ணுகிற மாதிரிப் போன் எண்ணாது. யாழ்ப்பாணம் என்றால் எங்களுக்கு யா, ழ், ப், பா, ண, ம் என்று ஆறு எழுத்து. போனுக்குப் பக்கத்தில் போடுகிற அரவு தனி, மேலே வைக்கிற குற்று தனி, ஆக 11. எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்கு வைப்பார்கள். சரி, அப்படியென்றால் எழுபதுக்குள் எழுத ஏலாதா என்று ஒரு இரவு இருந்து எண்ணிப் பார்த்தேன்.

“உங்கள் பிள்ளை இன்று பாடசாலைக்கு வரவில்லை. வீட்டில் நிற்கிறாரா?”

இடைவெளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் சேர்த்து 62. ஒரே செய்திக்குள் அடங்குகிறது. “உங்கள் பிள்ளை” என்கிற இடத்தில் பிள்ளையின் பெயரைப் போட்டாலும் இடம் இருக்கும்.

அந்தக் கடைசிக் கேள்வியை நான் வேண்டுமென்றேதான் வைத்தேன். சமுகமளிக்கவில்லை என்று மட்டும் வந்தால் அது குற்றம் சொல்லுகிற குரல். பின்னேரம் பிள்ளை வீட்டுக்கு வரும்போது தகப்பன் தடியோடு நிற்பார். வீட்டில் நிற்கிறாரா என்று கேட்டால், “ஓம் ரீச்சர், காய்ச்சல்” என்று பதில் சொல்ல ஒரு தாய்க்கு வாய் வரும். இல்லை என்றால் உடனே தேடத் தொடங்குவாள்.

சில இடங்களில் இதைவிட மோசமான வேலை நடக்கிறது. வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு வராத பிள்ளைகளின் பெயரை வரிசையாகப் போடுகிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். தரம் 7, 8 பெண் பிள்ளை ஒன்று தொடர்ந்து நாலு நாள் வராவிட்டால் எங்கள் ஊரில் நாற்பது வீட்டாரும் என்ன ஊகிப்பார்கள் என்று தெரியாதா? அந்தப் பிள்ளை திரும்ப வகுப்புக்குள் காலடி வைக்கிறபோது எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அது அவளுக்கும் தெரியும். வராத சேதி அந்த வீட்டுக்கு மட்டும் போக வேண்டியது.

எந்த வீட்டுக்கு, எந்த இலக்கத்துக்கு என்பதும் இருக்கிறது. தரம் 6இல் சேர்க்கும்போது எழுதிக் கொடுத்த தகப்பனின் இலக்கம் இன்னும் அப்படியே கிடக்கிறது, தகப்பன் வெளிநாடு போய் வருசக்கணக்காகிவிட்டது, சிம் அலுமாரிக்குள். வருசம் தொடங்கும்போது இரண்டு இலக்கம் வாங்குங்கள். பிள்ளையோடு வீட்டில் நிற்கிற ஆளின் இலக்கம் அதில் முதலாவதாக இருக்கட்டும்.

தரம் 12, 13 படிக்கிற உயர்தரப் பிள்ளைகளின் கதை வேறு. பாடசாலை மூலம் பரீட்சை எழுத 80 வீதம் வரவு வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனாலும் பரீட்சை நெருங்க வகுப்பறை காலி, ரியூசன் கொட்டில் நிறைந்திருக்கும். அதுவும் தாய் தகப்பனுக்குத் தெரிந்தே நடக்கிறது. அங்கே குறுஞ்செய்தி ஒன்றும் செய்யாது.

அந்த வெல்டிங் கடைப் பெடியனைத் திரும்பக் கொண்டுவந்ததும் குறுஞ்செய்தி இல்லை. வகுப்பாசிரியர் ஒருநாள் பாடசாலை விட்டு, ஒன்றரை மணி வெய்யிலில் சைக்கிளில் வந்து படலையில் மணி அடித்தார். அம்மம்மா அப்போதுதான் அறிந்தா. சேர் திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்தார், பேரனை ஏசவில்லை. “நாளைக்கு வா, நான் வாசலில நிப்பன்” என்று மட்டும் சொல்லிப்போட்டுப் போனார். தாய் இரண்டு மாதமாகக் காசு அனுப்பவில்லை, அதனால்தான் வேலைக்குப் போனேன் என்று பெடியன் பிறகு அம்மம்மாவிடம் சொல்லியிருக்கிறான். 5 வயது முதல் 16 வயது வரை படிப்புக் கட்டாயம் என்று நாட்டில் சட்டம் இருக்கிறது. அவனுக்கு வயது 14. அவனுடைய நிலைமையைக் கேட்டு அறிய ஒரு ஆள் வர மூன்று கிழமை எடுத்தது. தொடர்ந்து மூன்றாம் நாளும் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் செய்தி போதாது, குரல் வேண்டும். ஒரு ஆசிரியர் போன் எடுத்துக் கதைக்க வேண்டும். அந்த போன் செலவை ஆசிரியரின் சம்பளத்தில் கட்டவும் கூடாது, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பொறுப்பெடுக்கலாம்.

அம்மம்மாவின் போனில் பாடசாலை இலக்கத்தைத் தமிழில் பெயர் போட்டுச் சேமித்து, அதற்கு மட்டும் வேறு சத்தம் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

வருகிற வெள்ளி பின்னேரம் இரண்டு மணிக்கு எங்கள் பாடசாலையில் அபிவிருத்திச் சங்கக் கூட்டம். அந்த 62 எழுத்து வசனத்தைப் பெரிதாக ஒரு தாளில் எழுதிக் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். வருகிற பெற்றோர் கொஞ்சம் முன்னுக்கு வந்து இருங்கோ.